காலிக் கொட்டகை

எங்கள் புதுச்சத்திரத்துப் பண்ணையில், முட்டை குறைந்துபோன கோழிகளையெல்லாம் லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்பிய மறுநாள், வெறும் கூண்டுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பியில் வெள்ளை இறகு சிக்கியிருந்தது.

"ஒண்ணுமே இல்லாததை எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

பதில் தெரியாத எரிச்சலில், "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

அவள் துடைப்பத்தோடு வந்தாள். கோழிகள் மிரண்டுவிடக் கூடாதென்று எப்போதும் வாசலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அன்றும் வாசலில் நின்றாள்.

"வாரேன் சாமி, வாரேன்" என்றாள், கூண்டுகளைப் பார்த்து.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

காலையிலிருந்து எத்தனையோ படம் எடுத்திருந்தும், கொட்டகை காலியானது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.