தண்ணீரில் வைத்து அளந்த படகு

என் லேத்துப் பட்டறை மேசை இழுப்பறையில் ஒரு ஃபீலர் கேஜ் கிடக்கிறது. சீட்டுக்கட்டு மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். இரண்டு இரும்புக்கு நடுவே முடியளவு சந்து இருந்தாலும் அளந்துவிடலாம். அதில் ஒரு தகட்டில் மட்டும் திராட்சைச் சாற்றுக் கறை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நான்தான் தேய்க்கவில்லை.

தொண்ணூற்றெட்டு வாக்கில் இருக்கும். காமயகவுண்டன்பட்டியில் பட்டறை போட்டுச் சில வருஷம்தான். கிணற்று மோட்டார், பம்ப்செட் என்றால் கம்பம் வரைக்கும் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திமிரில்தான் படகு வேலையை ஒத்துக்கொண்டேன். அணையில் ஆளேற்றி ஓட்டுகிற பழைய மரப்படகு அது. எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று அடிப்பலகை வழியாக வெளியே போய்த் தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றும். விசிறிப் பக்கம் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஓர் இரும்புக் கை தொங்கும், ஸ்ட்ரட் என்பார்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் பட்டமரக் கட்டையில் மோதி அந்தக் கை கோணிவிட்டது. எஞ்சினை முடுக்கினால் படகே பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கும். படகு முதலாளி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. அன்றைக்கும் நடுங்கினால் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் படகை விறகுக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷமாக அதை ஓட்டிய டிரைவர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாச்சும் காப்பாத்திரு தம்பி" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியாகலேன்னா லேத்தை மூடிட்டு மாடு மேய்க்கப் போயிருவேன்ணே!" சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

படகைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். ஷாஃப்டை லேத்தில் ஏற்றி நிமிர்த்தினேன். அடிப்பலகையில் ஷாஃப்ட் போகிற குழாய் வழியாகத் தூண்டில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டி, அந்த நேருக்கு ஸ்ட்ரட்டை உட்காரவைத்து, ஷாஃப்ட் உள்ளே சுழல்கிற உறையான புஷ்ஷையும் புதிதாகப் போட்டேன். எஞ்சினும் ஷாஃப்டும் சேர்கிற கப்ளிங்கில் நாலு பக்கமும் தகட்டை விட்டுப் பார்த்தால் அத்தனையும் ஒரே அளவு, கோணலே இல்லை. சாமி சிலையைப் பிரதிஷ்டை செய்தவன் மாதிரி கும்பிட்டுவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கினேன். கரையை விட்டுப் பத்தடி போகவில்லை, பழையபடி நடுங்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பை எடுத்துக் கரைக்குத் தள்ளினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. மோட்டாருக்கு புஷ் வாங்க எங்கள் மதினி பட்டறைக்கு வந்தார். என் அண்ணன் மனைவி. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சையை ஒண்டியாளாகக் கட்டி ஆள்கிறவர். என் மூஞ்சியைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, மாடு எத்தன உருப்படி வாங்கப் போறீக?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்ததால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அளக்கும்போது படகு எங்கன இருந்துச்சு?" என்றார். கரையில் என்றேன். "உள்ள ஆளு?" யாருமில்லை என்றேன்.

"காயில்லாத பந்தல்ல கம்பி நேராத்தான்யா நிக்கும். காய் ஏறுனா தொய்யும். நாங்க என்ன, வெறும் பந்தலப் பாத்தா கம்பிய முறுக்குறோம்? உங்க படகு மரந்தான? தண்ணில கெடந்து ஆளு ஏறுனா அதுவும் வளையாதா?"

"பந்தலும் படகும் ஒண்ணா மதினி? போங்க, போயிக் காயப் பறிங்க," என்று கத்திவிட்டேன். அவர் புஷ்ஷை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. ஆயுசு முழுக்கச் சிமென்ட் மேடையில் உட்கார்ந்த பம்ப்செட்டையே பார்த்தவன் நான். மேடை அசையாது. இந்தப் படகில் மேடையே வளைகிற மரமல்லவா! சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை காலையில் மதினியின் டிராக்டர் இருபது பெண்களோடு அணைக்கு வந்து நின்றது. எல்லாம் திராட்சை பறிக்கிறவர்கள். "சுமை கேட்டீகளே, இந்தா இருக்கு," என்றார். தண்ணீரில் கிடந்த படகிலேயே அவர்களை வரிசையாக உட்காரவைத்து, கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை விட்டேன். மேலே ஒரு தகடுகூட நுழையவில்லை. கீழே ஆறு சேர்ந்து நுழைந்தது. அடப்பாவி, இத்தனை கோணலா! "யாரும் அசையாதீக ஆத்தா!" என்று நான் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் சிரித்தால் படகும் ஆடியது. எஞ்சின் காலுக்கடியில் இரும்புத் தகட்டுத் துண்டுகளை முட்டாக வைத்து வைத்து, மத்தியானத்துக்குள் நாலு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஃபீலர் கேஜை விரித்து எடுத்து எடுத்துக் கொடுத்தது மதினிதான், திராட்சை தின்ற கையோடு.

வெள்ளிக்கிழமை முதலாளி ஏறினார். அந்த இருபது பேரையும் மறுபடி ஏற்றினோம். டிரைவர் அண்ணன் முடுக்கினார். படகு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது! எஞ்சின் பெட்டிமேல் நிரம்ப வைத்திருந்த டீ சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். "இந்தப் படகை யாருய்யா விறகுக்குப் போடுவா!" என்று முதலாளியே சொல்லிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டார். டிரைவர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மதினி எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் அனுபவந்தான்" என்றேன்.

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் அந்தப் படகுக் கதையைச் சொன்னேன். ஒருவரிடமும் அவர் பெயரைச் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாசம் பாலிடெக்னிக் பையன்கள் பட்டறையைப் பார்க்க வந்தபோது மதினியும் அங்கே இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோட்டத்தை மட்டும் இன்னும் விடவில்லை. கறைபட்ட தகட்டைக் காட்டி, "இது எங்க மதினி கைபட்டது. படகைக் காப்பாத்துனது அவுக, நான் இல்ல," என்று உரக்கச் சொன்னேன். பையன்கள் கைதட்டினார்கள். மதினி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத நீங்க தொடைக்காம வச்சிருக்கீகன்னு எனக்கு அப்பவே தெரியும் கொழுந்தனாரே," என்றார். "அதான் ஏன் என் பேரச் சொல்லலன்னு நானும் கேக்கல."