கேசவன் வராமல் போன காரணம்

ஒன்பது மணித் தொடர் ஓடும்போது அமிர்தவல்லி டி.வி.யைப் பார்ப்பதே அரிது. மடியில் வாழைநார், பக்கத்தில் ஈரத்துணி மூடிய பூக்கூடை. கண் பூவில், காது கதையில். மாமியார் விஷம் வைத்தாலும் சரி, மணமேடையில் கல்யாணம் நின்றாலும் சரி, அவள் விரல் நிற்காது. கதாநாயகன் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் பாருங்கள், அப்போது மட்டும் நின்றுவிடும். தலை நிமிரும். தனியாக இருக்கும்போதுதானே அவன் மனசில் இருப்பது வெளியே கேட்கும்? அவன் முடித்ததும் மறுபடி குனிந்துகொள்வாள். அண்ணி சரோஜா இதை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறாள்; ஏன் என்று கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

திருவிடந்தைப் பெருமாள் கோயில் வாசலில் அவர்களுக்குப் பூக்கடை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே வந்து பெருமாளுக்கு மாலை சாத்தி, திரும்பக் கிடைத்ததைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றுவார்கள். அமிர்தவல்லி எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணனோடு கடைக்கு வந்தவள். வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். அவர்கள் போகும்போது முதுகைப் பார்ப்பாள்.

தொண்ணூற்றெட்டில் அச்சரப்பாக்கத்துக் கேசவனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். அவனுக்கு உரக்கடையில் வேலை. தட்டு மாற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சரோஜாவையும் சேர்த்து மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அலை வந்ததும் அமிர்தவல்லி பின்வாங்கினாள்.

"இன்னா, கடலோரத்துல பொறந்துட்டு தண்ணிக்குப் பயமா?"

"பயம் இல்ல. பொடவ நனையும்."

அவனிடம் அவள் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். அப்புறம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் வரும். அவன் பேசுவான், இவள் 'உம்' கொட்டுவாள். "வெறும் உம்முக்கே இவ்ளோ நேரமாம்மா?" என்று பூத்துக்காரர் கேலி செய்வார்.

ஆடி வந்தது, போன் நின்றது. ஆவணியில் தரகர் வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல், "பையன் வோணாம்னுட்டான்" என்றார்.

"ஏன்னு கேட்டியா?" என்றார் அண்ணன்.

"அத்த நான் எப்டி கேக்கறது? வச்ச சாமானெல்லாம் திருப்பிக் குடுத்துர்றாங்களாம்."

கல்யாணம் நின்றதை அமிர்தவல்லி எப்படியோ தாங்கிக்கொண்டாள். ஏன் என்று தெரியாததைத்தான் தாங்க முடியவில்லை. 'உம்' கொட்டியது தப்பா? தண்ணீரைக் கண்டு பின்வாங்கியது தப்பா?

சரோஜாவும் எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணும் ஆறுதல் சொல்ல உட்கார்ந்தார்கள். அவர்கள் அறிந்த ஆண்பிள்ளை மனசெல்லாம் டி.வி.யில் பார்த்ததுதான்.

"அவனுக்கு இன்னாவோ பெரிய வியாதி கீதுடி. உன்னத் தாலியறுக்க வெக்கக் கூடாதுன்னு ஒதுங்கிகினான்" என்றாள் சின்னப்பொண்ணு.

"வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆத்தாக்காரி சத்தியம் வாங்கியிருப்பா, தூக்குல தொங்கிருவேன்னு" என்றாள் சரோஜா.

"ஏன், ரெண்டும் இருக்கக் கூடாதா?" என்றாள் சின்னப்பொண்ணு.

அமிர்தவல்லி அழுகையினூடே சிரித்துவிட்டாள். ஆனால் சரோஜா சொன்னதை மனசில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மாவின் சத்தியம் என்றால் இவள் மேலும் தப்பில்லை, அவன் மேலும் தப்பில்லை. அப்போது ஓடிய தொடரில் பிரிந்து போனவன் ஒரு மழைநாளில் வந்து நின்று காரணம் சொன்னான். அடுத்த தொடரிலும் ஒருவன் வந்தான்.

கல்பாக்கம் டவுன்ஷிப் கேன்டீனில் வேலை செய்த சம்பத், பூ வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்துபோய், கடைசியில் முறையாகப் பெண் கேட்டான். "எனக்கு டீ போடத் தெரியும், தோசை சுடத் தெரியும். நீங்க சும்மா உக்காந்துகினு இருந்தாப் போதும்" என்றான். அவன் முதுகையும் அவள் பார்த்தாள், பிடித்தும் இருந்தது. மாட்டேன் என்றாள்.

"அவன் வருவான்னா பாத்துகினு கீற?" என்று சரோஜா கத்தினாள்.

"வந்து காரணம் சொல்லும்போது நான் தாலியோட நிக்கக் கூடாது அண்ணி."

அடுத்த தையில் சம்பத்துக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

கேசவன் வந்தது இரண்டாயிரத்து ஆறில், ஒரு பங்குனிக் காலையில். "ரெண்டு மாலை குடும்மா, மச்சானுக்கு. பொண்ணே அமைய மாட்டேங்குது" என்ற குரலை வைத்துத்தான் அவன் என்று அவளுக்குத் தெரிந்தது. மனைவியும் அவள் தம்பி சீனுவும் செருப்பு விட முன்னால் போயிருந்தார்கள்.

"நீங்க அச்சரப்பாக்கம் கேசவன்தானே?"

"ஆமா. நீங்க?"

"அமிர்தவல்லி."

அந்தப் பெயர் அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "அட! நல்லா கீறியா? பசங்க எத்தினி?"

"ஏன் என்னை வேணாம்னீங்க?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அப்ப... அப்பா உள்ளூர்லயே ஒரு எடம் வந்துகீதுன்னாரு. அலைச்சல் இல்லன்னாரு. சரின்னேன்."

"அவ்ளோதானா? உங்கம்மா சத்தியம் எதுனா..."

"எங்கம்மாவா? அது உன்னையே கட்டுடான்னு ஒரு மாசம் புலம்பிச்சே! உன் மேல ஒரு கொறையும் இல்லம்மா."

அன்று அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது பொய் முகம் இல்லை. கோபப்படக்கூட இடம் கொடுக்காமல், நல்லபடியாகவே சொன்னான். இரண்டு மாலையையும் இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சரோஜாவிடம் சொன்னாள். சரோஜா நம்பவில்லை. "பொண்டாட்டிய பக்கத்துல வச்சிகினு மனசுல கீறத எப்டி சொல்லுவான்? உள்ள இன்னாவோ கீதுடி."

ஒரு நொடி அதையும் நம்பிவிட அமிர்தவல்லிக்கு ஆசையாக இருந்தது.

"அவ கோயிலுக்குப் பூட்டா அண்ணி. இவரு யோசிச்சுதான் சொன்னாரு. யோசிச்சும் வேற ஒண்ணும் வரல."

சரோஜா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு கை பூவை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அண்ணனுக்கு முட்டிவலி, கடைக்கு வருவதில்லை. திறப்பதும் சாத்துவதும் அமிர்தவல்லிதான். சம்பத்துக்கு இரண்டு பெண்கள். எப்போதாவது குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தால் அவளிடம்தான் பூ வாங்குகிறான். அமிர்தவல்லிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெண் கேட்டு யாரும் வருவதில்லை.