கடற்கரைக் குதிரையில் காட்டுக்கு

சித்தப்பா குதிரை வாங்கிவிட்டார் என்று அப்பா வந்து சொன்னபோது அம்மா அயலை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அதை எங்க பார்க் பண்ணுவாராம்?" என்று மட்டும் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். சித்தப்பாவும் சித்தியும் கழக்கூட்டத்தில் ஏழாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தார்கள். கீழே அவர்களுக்கு ஒரு வண்டி நிற்கத்தான் இடம். அதில் ஏற்கெனவே கார் நின்றது.

எனக்கு அப்போது பதினோரு வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாநில எல்லை தாண்டி வந்து பழவங்காடியில் பாத்திரக்கடை போட்ட குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஐடி வேலைக்குப் போனவர் சித்தப்பா. முதன்முதலாகக் குதிரை வாங்கியவரும் அவர்தான் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் பெருமை இல்லை. எனக்கு மட்டும் இருந்தது. பள்ளியில் மூன்று வகுப்புகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வீடியோ. ஏதோ ஒரு தேசத்து ஊசியிலைக் காடு. தொப்பி போட்ட ஒருவர் குதிரைமேல் போய்க்கொண்டிருப்பார். முன்னால் ஒரு நாய், பின்னால் ஒரு நாய். பேச்சு கிடையாது, குளம்புச் சத்தம் மட்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பா அதைப் போட்டுக் காட்டுவார். "மைனி, இதுதான் வாழ்க்கை" என்று அண்ணியான அம்மாவிடம் சொன்னார். அம்மா முழுவதும் பார்த்துவிட்டு, "அந்தாளு சோத்துக்கு என்ன செய்யுதாராம்?" என்று கேட்டாள்.

சோற்றுக்கும் சித்தப்பாவிடம் திட்டம் இருந்தது. வேலையை விட்டுவிட வேண்டியது. ஐடி பார்க்கில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனவர்களைச் சனி ஞாயிறுகளில் குதிரைமேல் ஏற்றிக் காட்டுப்பாதையில் கூட்டிப்போக வேண்டியது. நாய்கள் தயாராகவே இருந்தன. ப்ரூனோ என்று ஒரு லாப்ரடார். ஃப்ளாட்டிலேயே வளர்ந்து, லிஃப்டில் ஏறி இறங்கி, படிக்கட்டைக் கண்டால் நின்றுவிடுகிற ஜாதி. இன்னொன்று மணி, ஃப்ளாட் கேட்டில் கிடந்த தெருநாய். பிஸ்கட் இருக்கும் இடத்தில் மணி இருக்கும்.

குதிரையின் பெயர் ராணி. சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டு வருஷம் நடந்த குதிரை. அதை வைத்திருந்தவர் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது சித்தப்பா வாங்கினார். விதுரா பக்கம் ஒரு நண்பரின் ரப்பர் எஸ்டேட்டில் கொண்டுபோய்க் கட்டினார். வாங்கிய பிறகுதான் சித்தியிடம் சொன்னார். அதையும் நேரில் சொல்லவில்லை, வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினார்.

சித்தி அழவில்லை, கத்தவில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் அந்தக் குதிரையில காட்டுக்குப் போயிட்டு வாங்க. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா வேலையை விட்டுருங்க. நான் ஒத்த வார்த்தை பேசமாட்டேன். நடக்கலைன்னா குதிரையை யாருக்காவது கொடுத்துட்டு திங்கக்கிழமை ஒழுங்கா ஆபீஸுக்குப் போகணும்."

"ஒழுங்கா நடக்கும்" என்றார் சித்தப்பா.

"நீங்க வந்து சொன்னா நான் நம்பமாட்டேன். இவளையும் கூட்டிட்டுப் போங்க." சித்தி என்னைக் காட்டினாள். "இவ வாயில ஒண்ணும் நிக்காது."

நான் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முந்தைய ஓணத்துக்கு வந்த விருந்தாளியிடம், பாயசம் கடையில் வாங்கியது என்று சொன்னவள் நான். நடந்ததைச் சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. காடு என்றால் ரப்பர் தோட்டத்துக்குள் சும்மா ஒரு சுற்றுதான் என்று சொல்லி அம்மாவையும் சம்மதிக்க வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். எஸ்டேட் எல்லையைத் தாண்டினால் பழைய கூப்பு ரோடு, அதாவது மரம் வெட்டிய காலத்தில் லாரி போன மண்பாதை. அதில் போக அந்த நண்பர் வனத்துறையிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தார். கடிதத்தில் நாய்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால் நாய்களுக்கும் அனுமதி உண்டு என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

எஸ்டேட் காவல்காரருக்கு அதில் சம்மதம் இல்லை. ப்ரூனோவை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டியெ கொண்டுபோகண்டா, சாரே. பேடிச்சால் பட்டி சாரின்டெ அடுத்து ஓடி வரும். பின்னாலெ அதும் வரும்." நாய் வேண்டாம், பயந்தால் அது உங்களிடமே ஓடி வரும், பின்னால் அதுவும் வரும் என்கிறார்.

"எது சேட்டா?"

"அது."

அவ்வளவுதான் சொன்னார். காட்டு ஓரத்தில் இருப்பவர்கள் அங்கே நின்றுகொண்டு மிருகத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. சித்தப்பா சிரித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஆம், தொப்பியும் வாங்கியிருந்தார்.

என்னை முன்னால் உட்கார்த்திக்கொண்டு அவர் பின்னால் ஏறினார். ராணி அழகாக நடந்தது. ப்ரூனோ முன்னால், மணி பின்னால், அச்சு அசல் வீடியோ. நூறு மீட்டர் போயிருப்போம். ராணி நின்றது, திரும்பியது, அதே அழகான நடையில் புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. நாங்கள் இறங்குவதற்காகக் காத்திருந்தது.

"புது இடம்லா. பழகலை" என்றார் சித்தப்பா.

இரண்டாவது தடவையும் நூறு மீட்டர். மூன்றாவது தடவை கடிவாளத்தைப் பலமாக இழுத்தார். ராணியின் தலை மட்டும் காட்டைப் பார்த்தது, கால்கள் எஸ்டேட்டுக்குத் திரும்பின. எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"சித்தப்பா, பீச்சுல ஐஸ்க்ரீம் வண்டியிலேருந்து லைஃப்கார்ட் நிக்கிற இடம் வரைக்கும் இவ்வளவு தூரம்தானே? அதுக்கப்புறம் திரும்பிடும்லா."

 அவர் குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சித்தப்பா இன்ஜினியர். இரண்டே நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார். ராணி திரும்புவதற்குச் சற்று முன்பே இறங்கிவிட வேண்டும். பிறகு மறுபடியும் ஏற வேண்டும். ஏறுகிற ஒவ்வொரு தடவையும் ராணிக்குப் புது ஆள், புது சவாரி. இன்னொரு நூறு மீட்டர் நடக்கும். ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, நூறு நூறு மீட்டராக நாங்கள் அந்தக் காட்டை ஆராய்ந்தோம். வீடியோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினால் ராணி உடனே நின்று தலையை உயர்த்திக் காதை விறைத்துக்கொண்டது. போனை உள்ளே வைக்கும்வரை அசையவில்லை. நடக்கிற குதிரையை எடுக்க வழியே இல்லை. ஆனால் போட்டோக்கள் ஒவ்வொன்றும் காலண்டர் மாதிரி வந்தன.

சித்தப்பாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலில் அட்டை ஏறியது. அவர் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மலையணில் பார்த்துவிட்டேன். பூனையைவிடப் பெரியது, வால் மட்டும் என் கை நீளம்.

நான்கு கிலோமீட்டர் போயிருப்போம். பாதையின் இரண்டு பக்கமும் மூங்கில் ஜாதி ஈத்தைப் புதர், ஆள் உயரத்துக்கு மேல். மணி திடீரென்று உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட்டைக் காட்டினாலும் எழுந்திருக்கவில்லை. ப்ரூனோ வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. ஒரே ஒரு குரைப்பு கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

பிறகு ப்ரூனோ வந்தது. அது ஓடி நான் பார்த்ததே கிடையாது, ஃப்ளாட்டில் ஓட எங்கே இடம்? காதை மடக்கிக்கொண்டு நேராகச் சித்தப்பாவை நோக்கி வந்தது. அதன் பின்னால் ஈத்தைகள் இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டே வந்தன. பாதைக்கு வந்து நின்றது ஒரு காட்டுப்போத்து, அதாவது காட்டெருமை. கறுத்த மலை மாதிரி உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் பள்ளிக்கூடச் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை.

அப்போது நாங்கள் இருவரும் கீழே நின்றிருந்தோம். சித்தப்பா என்னை அப்படியே அள்ளிச் சேணத்தில் வைத்தார், குதிரையை வந்த வழிக்குத் திருப்பினார், பின்புறத்தில் ஓங்கி அடித்தார். "போ! போ!"

ராணி போனது. புது சவாரி. அடித்த கையை இறக்குவதற்குள் அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "மக்ளே, குதிச்சிரு!" என்று பின்னாலிருந்து கத்தினார். எனக்குக் குதிக்கத் தெரியவில்லை. ஒரு கால் சேணத்து வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நூறு மீட்டரில், விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே, ராணி நின்றது. நான் கடிவாளத்தை இழுத்தேன், உதைத்தேன், மலையாளத்திலும் தமிழிலும் கெஞ்சினேன். அது திரும்பியது. அதே அழகான நடையில் என்னைத் திரும்பக் கொண்டுபோனது.

சித்தப்பா ஒரு மரத்தில் முதுகை ஒட்டி நின்றார். அவர் கால்களுக்கு நடுவே ப்ரூனோ. ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால் போத்து. ராணி என்னைச் சித்தப்பாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நான் இறங்குவதற்காகக் காத்திருந்தது. நான் இறங்கவில்லை. சித்தப்பாவின் கை என் கணுக்காலைப் பிடித்தது. ஈரமாக இருந்தது. போத்து மூக்கால் ஒருமுறை ஊதியது. எங்களைப் பார்த்தது, குதிரையைப் பார்த்தது. பிறகு எங்களிடம் எந்த வேலையும் இல்லாததுபோலப் புதருக்குள் போய்விட்டது.

சித்தப்பா பாதையிலேயே உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். பாதையோர ஓடையில் முகம் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் குத்தவைத்தார்.

"மக்ளே, சித்தி கேட்டா நடந்ததை அப்படியே சொல்லணும், கேட்டியா? ஒண்ணையும் விடக்கூடாது. குதிரை திரும்புனது, போத்து வந்தது, எல்லாம்."

"அம்மா முன்னாடியா?"

"அம்மா முன்னாடியும்."

அந்த நிமிடத்தில் அவரைப்போல ஒரு பெரிய மனிதர் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தன் கனவே போனாலும் பரவாயில்லை, பிள்ளை பொய் சொல்லக்கூடாது என்கிறார். அப்படிப்பட்டவரை எப்படிக் கைவிடுவது?

திரும்பி வரும்போது இருவருமே குதிரையில் ஏறவில்லை. மணி எஸ்டேட் கேட்டில் எங்களுக்கு முன்பே வந்து படுத்திருந்தது. நெடுமங்காட்டில் காரை நிறுத்தி எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு, சித்தப்பா தள்ளிப்போய் ஆபீஸ் நண்பரிடம் போனில் மலையாளத்தில் பேசினார். நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா லெட்டரைக் கிழித்துப் போட்டுவிடு, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அழுகையை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பாதிப் பழம்பொரியை ப்ரூனோவுக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் நாலு ஆகியிருந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். சித்தி எனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு பிள்ளே."

சொன்னேன். அதுவரை பொய்யே சொல்லாதவளுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

"சூப்பர் சித்தி! ராணி நிக்கவே இல்ல. நாங்க திருப்புனாக்கூடத் திரும்பல. ப்ரூனோ முன்னாடி, மணி பின்னாடி, வீடியோவுல மாதிரியே. எட்டு கிலோமீட்டர்!"

"மிருகம் ஏதும் வந்துச்சா?" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு மலையணில்."

சித்தப்பா பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "இல்ல, அது வந்து..."

"என்ன?" அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அப்பாவும் திரும்பினார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"முள்ளு" என்றார்.

 சித்தி அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "சொன்னா சொன்னதுதான். நாளைக்கு லெட்டரைக் கொடுத்துருங்க" என்றாள். குரல் லேசாக உடைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் தன் வாக்குப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்தப்பா இரண்டரை வருஷம் குதிரை வைத்திருந்தார். எஸ்டேட் எல்லையை அவர் மறுபடி தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே நூறு மீட்டர் சவாரி, போட்டோ, டீ. வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்களாம். கடைசியில் வேறொரு கம்பெனியில், தன்னைவிட வயது குறைந்த ஒருவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தார்.

அதெல்லாம் பின்னால். அன்று மாலை கிளம்பும்போது அவர் என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் மக்ளே அப்படிச் சொன்னே?"

"உங்களுக்காகத்தான் சித்தப்பா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டு, கடைசியில் என் தலையில் கையை வைத்து, "தேங்க்ஸ் மக்ளே" என்றார். காட்டுப்போத்துக்கு முன்னால் நின்ற மனுஷன் ஒரு தேங்க்ஸ் சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.