வேலங்கட்டைக் குமிழ்

என் கல்யாணத்துக்காக என் அண்ணனைச் சாகடித்தார்கள். கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறதுதான், ஆனால் நடந்ததும் அதுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பருத்தி வியாபாரம். என் அம்மா நான் நடை பழகும் முன்பே போய்விட்டாள். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் அய்யா கார் வாங்கினார். அந்தக் காலத்தில் அதைப் பிளஷர் என்போம். அவர் வாங்கியது உட்கார்ந்து போகத்தான். பின்சீட்டில் ஏறி, துண்டை மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொள்வார். முன்னால் என்ன இருக்கிறது, எதைப் பிடித்தால் எது ஓடும் என்றெல்லாம் அவர் கடைசிவரை பார்த்ததில்லை. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் இருந்தார். ஆனாலும் வண்டி அண்ணனுடையது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கியர் தடியின் தலையில் ஒரு குமிழ் உண்டு. வண்டியோடு வந்தது கறுப்பு ரப்பர்க் குமிழ். எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெடித்து, இளகி, பிடித்த கையெல்லாம் கரியாக ஒட்டியது. அண்ணன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் கடைசல் பட்டறை வைத்திருந்தவரிடம் போனான். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பத்துக்காரர் அவர். தறிக்கு வேண்டிய கட்டைகளைக் கடைவதுதான் அவர் தொழில். காருக்குக் கடைவது அதுவே முதல் தடவை என்று சிரித்தாராம். கருவேல மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உருட்டி, உள்ளே பித்தளை நட்டை அரக்கு வைத்து இறுக்கி, மேலே மெழுகு ஏற்றிக் கொடுத்தார். கறுப்புக்கு நெருக்கமான நிறம். தூர இருந்து பார்த்தால் பழைய குமிழுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பழையதை அண்ணன் சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியில் போட்டு வைத்தான். கம்பெனிக்காரனைவிடப் பெரிய ஆளாகிவிட்டாயோ என்று அய்யா பின்சீட்டிலிருந்து கேட்டதோடு சரி, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்தாள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள், அவ்வளவுதான். திருச்சுழிக் கோயிலுக்குப் போகும்போது கண்மாய்க் கரை தாண்டி ஊர் மறைந்ததும் அண்ணன் வண்டியை நிறுத்தி அவளை முன்சீட்டுக்கு வரச் சொல்வான். அவள் கையைக் குமிழின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக் கியர் போடுவான். பின்னால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். திரும்பும்போது கோயில் வாசலிலேயே அவள் பின்சீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படி ஒரு பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து வந்ததை யாராவது பார்த்திருந்தால் ஊர் ஒரு மாதம் வேலைவெட்டி இல்லாமல் பேசியிருக்கும்.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் காரைப் பருத்தி குடோனுக்குள் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஏதோ ஒரு பேச்சில் அய்யா எடைபோடும் ஆட்கள் முன்னால் அவனை அறைந்தார். அந்த வாரமே மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்துவிட்டான். மலேயாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர் விழுந்தபிறகு ஒரு தகவலும் இல்லை. காணவில்லை என்று மட்டும் சர்க்கார் சொன்னது. யுத்தம் முடிந்து பக்கத்து வீரசோழன் கிராமத்துக்குத் திரும்பி வந்த ஒருவர், அவனை உயிரோடு பார்த்தேன் என்றார். எந்த வருஷம் என்று கேட்டதற்கு விழித்தார்.

அப்போதுதான் நரிக்குடிப் பக்கமிருந்து எனக்கு மாப்பிள்ளை வீடு பேசி வந்தது. எல்லாம் பிடித்துப்போனது, ஒன்றைத் தவிர. மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது? செத்தவனுக்குக் காரியம் செய்யாமல் கிடந்தால் தீட்டு அந்த வீட்டு முகட்டிலேயே உட்கார்ந்திருக்குமாம். இருக்கிறான் என்றால் காட்டுங்கள், இல்லை என்றால் முடித்துவிடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மாப்பிள்ளையை அவர்கள் வீட்டு முகட்டிலேயே உட்காரச் சொல்லியிருப்பேன்.

உடல் கிடைக்காதவனுக்கு எங்களில் வைக்கோலால் ஆள் கட்டுவார்கள். அவன் கைபட்டுத் தேய்ந்த பொருள் ஒன்றை அதன் நெஞ்சில் வைத்து எரிப்பார்கள். அந்தப் பொருள் இல்லையென்றால் எரிவது வெறும் வைக்கோல்தான், காரியம் சேராது. உழுகிற சம்சாரிக்கு மாடு ஓட்டும் தார்க்குச்சி வைப்பார்கள், ஆடு மேய்ப்பவருக்குத் தொரட்டி. அண்ணன் கைபட்டுத் தேய்ந்தது எது என்று பெரிய மனிதர்கள் கூடி யோசித்தார்கள். காரை எரிக்க முடியாது. குமிழை வைத்துவிடலாம் என்று அய்யாதான் சொன்னார்.

மதினி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள். அதுவரை அவர் எதிரில் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"அவுக செத்துட்டாகன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எடுக்க வேண்டும் என்று கூடையோடு குடோனுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் டிரைவர் குமிழைக் கழற்றிக் கொண்டுவந்து, துண்டில் சுற்றி அய்யாவிடம் கொடுத்தார். ஆண்கள் வைக்கோல் ஆளைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மதினியின் பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். வைக்கோலுக்காக ஒருத்தியின் தாலியைக் கழற்றினார்கள். பதினாறு நாள் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் பொறுமை இல்லை என்பதால் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அவள் அழவில்லை. அழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

ஆண்கள் திரும்பி வந்து தொட்டியடியில் குளித்தபோது ஒருவர் காறிக் காறித் துப்பினார். என்ன வாடை, ரப்பர் எரிந்த வாடை, மூக்கைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் யார் முகத்தையும் பார்க்காமல் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். வேலங்கட்டை எரிந்தால் ரப்பர் வாடை எப்படி வரும்?

மதினி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பருத்திக்கொட்டைக் கூடைக்குள் கைவிட்டு அந்தக் குமிழை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அண்ணனின் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தது.

"எரிச்சது வண்டியோட வந்ததைத்தான். அவுக கைபட்டது எங்கிட்ட இருக்கு. அவுகளுக்குக் காரியம் ஒண்ணும் ஆகல. யாருட்டயும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. மொட்டையாக நின்ற கியர் தடிக்கு அய்யா மதுரையிலிருந்து யானைத் தந்த நிறத்தில் பளபளவென்று ஒரு குமிழ் வரவழைத்தார். செங்கல்லை எடுத்துக் காரைக் கழுவி, மாலை போட்டு, அதில்தான் என்னை அனுப்பினார்கள். வழி நெடுக அந்த வெள்ளைக் குமிழ் கண்முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. கிளம்பும்போது மதினி எதிரில் வரக்கூடாது என்பதால் குடோன் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கதவு இடுக்கில் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

அதன்பின் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் அதை எனக்குக் காட்டுவாள். நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து அதே கூடைக்குள் வைத்திருப்பாள். வெளியே வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக இருந்தாலும் உள்ளுக்குள் அவள் சுமங்கலியாகத்தான் இருந்தாள். அண்ணன் வரவில்லை. வருவான் என்று நான் நம்புவதை எப்போதோ விட்டிருந்தேன். அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்படிப் பத்து வருஷம் முடியப்போகிற சமயம், ஒரு கோடையில் அவளுக்குக் காலரா கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி வெறும் நெற்றியோடு விட்டிருந்தார்கள். நான் மஞ்சளும் குங்குமமும் கேட்டேன். பெண்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். சத்தம் கேட்டு அய்யா வந்தார். நான் கூடையிலிருந்து குமிழை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அய்யா, நீங்க எரிச்சது ரப்பரு. அண்ணனோடது இந்தா இருக்கு."

அய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் தொட்டது அதுதான் முதல் முறை. அவருடைய கட்டைவிரல் அந்தக் குழிக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மதினிக்கு நானே பொட்டு வைத்தேன். குமிழை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கி, துணியால் கட்டினேன். அவளுடையது அவளோடு போகட்டும் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொழுது சாயத் திரும்பி வந்த டிரைவர் என்னிடம் வந்து நின்றார்.

"கட்டை நல்லா எரிஞ்சிருச்சு தாயி. ரப்பரு வாடை வரல."

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் கைபட்டுத் தேய்ந்த பொருள் அன்றைக்குத்தான் எரிந்திருக்கிறது. அந்தக் காரியம் ஆகாமல் அவள் இத்தனை காலம் காத்து வைத்திருந்தாள். அதை என் கையால் செய்து முடித்திருந்தேன்.

தொட்டியடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். முதலில் மதினிக்கு. பிறகு அண்ணனுக்கு.