பொன்னுசாமி எனக்கு இறக்காத ஆர்டின்

காலைப் பூசை முடித்துத் திருநீறு அணிகையில் மன்றச் செயலாளரின் அழைப்பு வந்தது. "பொன்னுசாமி தவறிட்டாருங்க. ஆஸ்பத்திரியில அவங்க ஊட்டம்மா மட்டுந்தான் எதுக்கால உக்காந்திருந்தாங்களாமா." இறுதியிலும் எதிர் இருக்கை அவர் மனைவி சிவகாமிக்கே வாய்த்தது என்றுதான் என் மனம் முதலில் எண்ணிற்று. அழுகை பிறகே வந்தது.

அன்பர்கள் அறிவீர்கள். பனியன் கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு மாலைதோறும் மன்றத்துக்கு வரும் பொன்னுசாமி, பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் சிவகாமிக்கு எதிரில்தான் அமர்வார். எதிரெதிர் அமர்வோரே இணையர். தத்தம் கைக்கேற்ற சீட்டினத்தைக் கேட்கும் ஏலம் முடிந்ததும், பிறர் சீட்டு ஒன்றும் கண்ணில் படாத நிலையில் முதல் சீட்டை இறக்க வேண்டும். அதைத் தேர்வதில் அவருக்கு நிகர் இங்கில்லை. "கண்ணுல பாக்கறதில்லீங்க, ஏலத்துல காதுல விழுவுறதுதான் சீட்டு" என்பார்.

ஒருமுறை மகளின் பேறுகாலத்துக்காகச் சிவகாமி உடுமலை சென்றிருந்தார். பல்லாண்டு நான் வேண்டிய இருக்கை கிட்டியது. ஏலத்தில் ஆர்டின், அதாவது இதயச் சீட்டு, கேட்டேன். இணையர் கேட்ட இனத்தை இறக்குவதே வழக்கம். அவரோ டைமனை இறக்கினார், எதிரணி வீழ்ந்தது.

"என்ற பேச்ச நம்பலீங்களா?" என்றேன்.

"நம்புனனுங்க புலவரே. ஆர்டின் உங்க கையில பத்திரமா இருக்குது, எங்கீங்க ஓடிப்போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

சிவகாமி திரும்பிய பின் நான் எதிரணி. அவரும் ஆர்டின் கேட்டார். பொன்னுசாமி கணமும் தயங்காமல் ஆர்டினை இறக்கினார், தோற்றார். முடிவில் அவர் சீட்டுகளை விரித்தபோது டைமன் ராஜாவும் ராணியும் அருகருகே இருந்தன.

"இத எறக்கியிருந்தா நான் தொலைஞ்சிருப்பனே!"

"தெரியுமுங்க. அம்மிணி கேட்டா குடுத்துரோணுமுங்க."

"ஊட்டுல கேட்டா மட்டும் காது கேக்காது" என்றார் சிவகாமி.

வென்றவன் நான். அழுக்காறு தீதென்று மார்கழிதோறும் கோயிலில் விரித்துரைக்கும் நான், பல்லடம் பேருந்தில் வீடு சேரும்வரை அந்தத் தோற்ற சீட்டுக்காக ஏங்கினேன்.

காரியங்கள் முடிந்தபின் சென்ற வாரம் சிவகாமி மன்றத்துக்கு வந்தார். "அண்ணா, எதுக்கால உக்காருங்க" என்றார். ஏலத்தில் ஆர்டின் கேட்டார். முதல் சீட்டு என்னுடையது. இறக்கத்தக்க டைமன் கையில் இருந்தும் ஆர்டினையே இறக்கினேன். தோற்றோம். சிவகாமி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நீங்களுமா?"

அந்தத் தோற்ற சீட்டைக் கொடுப்பது எப்படியென்று அறிந்துகொண்டேன். பெறுவது எப்படியென்று பொன்னுசாமி தம் சிவகாமி ஒருவருக்கே காட்டிச் சென்றார். அவர்மேல் கொண்ட பொறாமையே என் நண்பர் நினைவாக என்னிடம் எஞ்சியிருப்பது. மனத்து மாசெல்லாம் களைய வேண்டுமென்று நாள்தோறும் இறைவன்முன் ஒவ்வொன்றாகச் சொல்லித் தொழுகிறேன். இதை மட்டும் சொல்வதில்லை.