ஜப்பான் துவக்கும் பலாக்கட்டையும்

தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக்கியபோது, அதன் சுவரில் தொங்கிய ஜப்பான் துவக்கைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். என் கைவேலைக்குத் தோட்டத்தில் பெயர் உண்டு. கோபத்துக்கு அதைவிடப் பெரிய பெயர்.

எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை பர்மா யுத்தத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி அது. இரும்பெல்லாம் துரு. பின்பக்க மரக்கட்டை, கை பிடிக்கும் கழுத்தில் முறிந்து கம்பி சுற்றிக் கிடந்தது. சுட வேண்டியதில்லை, வருகிறவர்கள் பார்க்க முழுசாக இருந்தால் போதும் என்றார் ஹோட்டல் மேனேஜர். யுத்தத்தில் உடைந்தது என்று பித்தளைத் தகட்டில் எழுதியும் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். காணாமல் போயிருந்த போல்ட்டைப் புதிதாக லேத்தில் கடைந்தேன். கழித்துப்போட்ட தேயிலை ரோலரின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தினேன். டிக்கோயாவில் இடித்த வீடொன்றின் பலாமர வாசல்நிலையை வாங்கிவந்து புதுக்கட்டை செதுக்கினேன். பழையது முறிந்த இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடியிருந்தது. அந்தத் தப்பை நான் செய்வேனா? ரேகையை நீளவாக்கில் விட்டு, கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியும் இறக்கினேன். யானை மிதித்தாலும் உடையாது என்று பெக்டரி முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இடது தோள் இறங்கியே இருக்கும். இளவயதில் மலையில் தண்ணீர்க் கானுக்குள் விழுந்ததாகச் சொல்லியே எங்களை வளர்த்தார்.

யுத்தத்தில் கழுத்து முறிந்த ஜப்பான் துவக்கு என்று நான் சொல்ல, அந்த இடத்தை அவர் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது யுத்தத்துல ஒடையல. என் முதுகுல ஒடஞ்சது."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு நாள் அவருடைய அம்மா காய்ச்சலில், காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வந்திருக்கிறார். வெள்ளைக்காரருக்குப் பிறகு வந்த கறுப்புத் துரை ஒருவன் அந்த மனுஷியின் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறான். இருபது வயது அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கியிருக்கிறார். காவல்காரர் இரண்டு பேர் அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடிக்க, துரை பங்களாவுக்குள் போய் இந்தத் துவக்கோடு வந்தான். கட்டையால் முதுகில் அடித்தான். மூன்றாவது அடியில் தோள் எலும்பு போனது. நாலாவதில் கட்டை முறிந்தது. முறிந்த ஆத்திரத்தில், விழுந்து கிடந்தவரின் வாயில் சப்பாத்துக் காலால் மிதித்தான். அப்பா பல்லைத் துப்பினார். பெரட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள்.

அந்தத் துரை செத்து எத்தனையோ வருஷம். நான் யாரை அடிக்க?

சட்டென்று அப்பா எழுந்தார். குழாயைப் பிடித்துத் துவக்கைத் தலைகீழாக ஓங்கி வாசற்படியில் அடித்தார். மறுபடியும் அடித்தார். சிமெந்து பெயர்ந்து தெறித்தது. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிந்தும் விடவில்லை. இருமல் வந்து மூச்சு முட்டிய பிறகுதான் நின்றார். கட்டையில் பாலிஷ் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

துவக்கை என் மடியில் போட்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. இனி கட்ட ஒடையாது. முதுகுதான் ஒடையும்."

மேனேஜரும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம் என்று ரம்பத்தை எடுத்துவந்து, அப்பாவின் கண்ணெதிரே துவக்கின் கழுத்தை அறுக்கத் தொடங்கினேன். பாதியில் ரம்பம் கிரீச்சிட்டு நின்றது. நான் இறக்கிய கம்பி.