இன்னும் வராத மச்சினன்

ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் இரண்டாவது கோடையில் மாமனார் ஆறு மாதம் தங்க வந்தார். மாமியார் நியூஜெர்சியிலிருந்த நாத்தனாரின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அங்கே இவர் இடைஞ்சல் என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். எனக்கோ டிபெண்டன்ட் விசா; வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டவும் தெரியாது. கணவர் ஆபீஸ் கிளம்பிவிட்டால், அந்த வெயிலில் வீட்டுக்குள் நானும் மாமாவும் டிவியும்தான்.

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடர் மறுஒளிபரப்பாகும். யாரையாவது கொன்றுவிடுவார்கள். ஒன்றுமறியாத ஒரு ஆளைப் போலீஸ் பிடிக்கும். அகன்ற தோள் வக்கீல் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்க, கடைசி ஐந்து நிமிடத்தில் உண்மையான கொலையாளி கோர்ட்டிலேயே அழுது ஒப்புக்கொள்வான். மாமாவுக்கு அந்தக் கோர்ட்டைப் பிடிக்கவே இல்லை.

"என்னம்மா இது, ரெண்டு நாள்ல கேஸ் முடியுது? எங்க ஊர்ல வாய்தா வாங்கவே ரெண்டு வருஷம் ஆகும்."

ஆனால் ஒரு நாளும் பார்க்காமல் விடமாட்டார்.

முதல் விளம்பர இடைவேளையில் கொலையாளி யார் என்று இருவரும் சொல்ல வேண்டும், தோற்றவர் மூன்று மணிக் காபி போட வேண்டும் என்று ஒரு பந்தயம் ஆரம்பித்தது. அதில் நான் ஒன்பது நாள் தொடர்ந்து தோற்றேன். "பேசறப்போ கைய எங்க வெச்சிருக்கான்னு பாரு. மூஞ்சியப் பாக்காதே" என்று சொல்லிக்கொண்டே ஜெயிப்பார். ஜெயித்ததைப் போனில் மாமியாரிடம் வேறு சொல்வார். வாழ்நாளில் சமையலறைக்குள் கால் வைக்காத மனிதர் காபி போடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

கீழ்வீட்டில் கீழக்கரை அக்கா ஒருவர் இருந்தார். அவர்தான் என்னைக் காரில் வெளியே கூட்டிப்போவார். ஒரு நாள் லைப்ரரியில் ஒரு தடித்த புத்தகம் கண்ணில் பட்டது. அந்தத் தொடரின் அத்தனை எபிசோடுகளின் கதையும், கொலையாளி யார் என்பதோடு, அதில் இருந்தது. மறுநாள் எந்த எபிசோட் என்பது கேபிளில் நிகழ்ச்சிப் பட்டியல் ஓடும் சேனலிலேயே தெரிந்துவிடும்.

"இது தப்பில்லையா?" என்றார் அக்கா.

"தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா சமையலறையில் நின்று, "ஏம்மா, டிகாஷனுக்கு எத்தனை ஸ்பூன் பொடி?" என்று கேட்க, நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடி பதில் சொன்னேன். அந்தச் சுகத்தை ஏன் மறைக்க வேண்டும்? மூன்று வாரம் இப்படியே போனது. சந்தேகம் வராமல் இருக்க வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேண்டுமென்றே தோற்றேன்.

செப்டம்பரில் ஒரு விடுமுறைத் திங்கட்கிழமை, அக்காவும் அவர் கணவரும் வட்டலப்பம் என்ற இனிப்பைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் கணவரும் வீட்டில் இருந்தார். "என் மருமக லா படிச்சிருக்கணும். இப்பப் பாருங்க" என்று மாமா எல்லோரையும் டிவி முன் உட்கார வைத்தார். கடற்கரை வீட்டில் ஒரு பணக்காரன் செத்துக் கிடந்தான். முதல் இடைவேளை வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மச்சினன்தான். படகு வெச்சிருக்கானே, அவன்" என்றேன்.

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"எந்த மச்சினன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதுவரைக்கும் வந்தது அண்ணன் பொண்ணு, சமையக்காரம்மா, ஒரு டாக்டர். மூணே பேர்" என்றார் அவர். "மச்சினன் எங்கம்மா வந்தான்?"

"பணக்காரன்னா ஒரு மச்சினன் இல்லாமலா மாமா இருப்பான்?"

"படகோட?"

அவர் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. போன செவ்வாக்கிழமை இவளக் கார்ல எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"என்னைய ஏன் அங்கிள் இழுக்கிறீங்க? லைப்ரரிக்குத்தான். புக்கு ரினியூ பண்ண."

"என்ன புக்கு?"

அக்கா ஒரு பெரிய ஸ்பூன் வட்டலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டார். இதுவரை எதிலும் கலந்துகொள்ளாத அவர் கணவர், உதவி செய்வதாக நினைத்து, "அந்தத் தடி புக்கா? இந்த சீரியல் கதையெல்லாம் இருக்குமே, அதுதானே?" என்றார்.

சத்தமில்லாத டிவியில் ஒரு ஆள் படகைக் கட்டிவிட்டு இறங்கி வந்தான். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் உள்ளே போய் அயர்ன் பண்ணிய புடவைகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா, மாமா. வெள்ளிக்கிழமை மட்டும் நானே தோத்துட்டேன்."

"வேணும்னேவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நான் ஜெயித்ததைவிட, வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜெயித்தது பொய் என்பதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைப் பெருமையாகச் சொன்னவர் என்று நினைத்தபோது எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவரே டிவி முன் வந்து உட்கார்ந்தார்.

"புக்கு எங்க?"

"காலைல அக்கா கொண்டுபோய்க் குடுத்துட்டாங்க."

"சரி, உக்காரு."

இடைவேளையில் நான் ஒரு பாட்டியைச் சொன்னேன், அவர் தோட்டக்காரனைச் சொன்னார். தோட்டக்காரன்தான். அவர் ஊருக்குக் கிளம்பும்வரை அநேகமாக எல்லா நாளும் நான்தான் காபி போட்டேன்.

நவம்பரில் கிளம்பிப் போனார். அதன்பிறகு ஞாயிறுதோறும் நிமிஷக் கணக்கில் பேசும் காலிங் கார்டு போட்டுக் கூப்பிடுவேன். அந்த வாரத்தில் பார்த்த ஒரு எபிசோடைச் சொல்லி, முடிவுக்கு முன்னால் நிறுத்துவேன். அவர் நிதானமாக யோசித்து ஆளைச் சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில வாரம், அவர் குரலில் கர்வம் கொஞ்சம் கூடிப்போனால், நான் கொலையாளியை மாற்றிவிடுவேன்.

ஒரு தடவை அப்படி மாற்றிச் சொன்னபோது அவர் விடவில்லை.

"அந்தம்மா எப்படிக் கொன்னிருக்க முடியும்? அன்னிக்கு ஊர்லயே இல்லைன்னு நீதானே சொன்னே?"

"கார்டுல நிமிஷம் முடியப்போகுது மாமா" என்றேன்.